நாற்காலிக்குப் பின்னால் ஒரு முதலாளி

மலாயா சுதந்திரம் பெற்ற அன்று மலாக்கா நகரமே ஆர்ப்பரித்துக் கொண்டிருந்தபோது, அதன் காஜா பெராங் வட்டாரத்தில் ஒரே ஒரு மனிதர் மட்டும் விம்மி விம்மி அழுதார். அவர் பெயர் ஷரீஃபுதீன். துரைமார் கிளப்பில் இருபத்திரண்டு வருடம் மேசைப் பணியாளாக இருந்தவர். வெள்ளைக்காரர்கள் கப்பலேறுகிறார்களே என்று அவர் அழவில்லை. இனி யாருடைய நாற்காலிக்குப் பின்னால் போய் நிற்பது என்று தெரியாமல் அழுதார்.

நிற்பது அவருக்கு வேலையாக இருந்து, பழக்கமாகி, கடைசியில் உடம்பாகவே ஆகிவிட்டது. பஸ்ஸில் பத்து இருக்கைகள் காலியாகக் கிடக்கும். ஷரீஃபுதீன் நின்றுகொண்டு வருவார். முடி வெட்டுபவரிடம் போனால், அங்கே உட்கார்ந்திருப்பவரின் நாற்காலியைப் பின்னாலிருந்து ஒரு கையால் பிடித்துக்கொள்வார். வீட்டில் மனைவி ஹலீமா சோற்றைப் போட்டு வைத்துவிட்டு, "சுல்தானா வாப்பா, உக்காந்து தின்னுங்களேன், சோறு என்ன ஓடியா போயிரும்?" என்று கெஞ்சுவாள். இரண்டு கவளம் உட்கார்ந்து உண்பார். மூன்றாவது கவளத்தில் எழுந்து, மகள் சுல்தானாவின் குவளையில் தண்ணீர் குறைந்திருக்கிறதா என்று பார்ப்பார்.

கிளப்பை மூடுகிறபோது அதன் காரியதரிசித் துரை அவர் கையைக் குலுக்கி, ஒரு மரப்பெட்டியைப் பரிசாகக் கொடுத்தார். உள்ளே ஒரு டஜன் கத்திகள், ஒரு டஜன் முள்கரண்டிகள், துரைமார் வேலையாளைக் கூப்பிட அடிக்கும் ஒரு சின்ன வெள்ளி மணி. அந்தப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு கண்ணீர் வழிய அவர் பஸ்ஸில் வந்த கோலத்தைப் பார்த்து, பக்கத்திலிருந்த ஒரு மலாய்க்காரப் பெண்மணி இறந்த குழந்தையின் மய்யித்துதான் என்று நினைத்துத் தானும் அழுதாளாம்.

பெட்டி வந்த பிறகு கடை வராமல் இருக்குமா? அடுத்த மாதமே பலகை ஏறியது: மெர்டேக்கா ஹலால் ஸ்டேக் ஹவுஸ். மெர்டேக்கா என்றால் மலாயில் சுதந்திரம்.

இடம் பார்த்ததில்தான் அவருடைய வியாபார ஞானம் முழுவதும் வெளிப்பட்டது. மாட்டிறைச்சிக் கடையை அவர் திறந்தது மலாய் பேசும் இந்துக்களின் கிராமமான கம்போங் செட்டிக்குப் போகிற பாதையின் முனையில். அந்தக் கம்பத்தில் ஐந்து வீட்டுக்கு ஒரு கோயில். அங்கே மாட்டிறைச்சியை எவரும் தொடுவதில்லை. "வாடகை சல்லிசு" என்றார் ஷரீஃபுதீன். சல்லிசாகத்தானே இருக்கும்! அந்தக் கம்பத்துப் பெரியவர் ஒருவர் கடை வாசலில் நின்று, மேசைமேல் வரிசையாக மின்னிய கத்திகளைப் பார்த்துவிட்டு, "மாக்கான் கா, பெராங் கா?" என்று தம் மலாயில் கேட்டார். சாப்பாடா, சண்டையா என்று அவருக்கு நிஜமாகவே சந்தேகம்.

சாப்பிட வந்த இரண்டொருவரும் திரும்பி வரவில்லை. "சோறு இருக்கா?" என்று கேட்ட ரிக்ஷாக்காரரிடம், "ஸ்டேக்குக்குச் சோறு வைக்கிறது மேசை ஒழுங்கில்ல" என்று பணிவோடு சொன்னார். இன்னொருவர் கையால் பிய்த்துத் தின்னத் தொடங்கியபோது பின்னால் நின்றபடி வேதனையோடு இருமினார். கிளப்பில் அவர் அடுப்பங்கரைப் பக்கம் போனதே கிடையாது. ஸ்டேக் எப்படி இருக்கும் என்று அவர் வாயால் சொல்லச் சொல்ல, அதைக் காதால் கேட்டுச் சமைத்தவள் ஹலீமா.

இந்த லட்சணத்தில்தான் சுல்தானாவுக்கு வரன் வந்தது.

சுல்தானாவுக்குப் பத்தொன்பது வயது. நிலவு போன்ற முகம் என்று நான் எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள். ஆனாலும் அப்படித்தான் இருந்தது. துணிக்கடை ரஹீம் ஹாஜியாரின் இளைய மகன், புது அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா. அவன் இந்தப் பெண்ணைத் தவிர வேறு யாரையும் கட்டமாட்டேன் என்று தாயிடம் சொல்லிவிட்டான். தாய்க்குச் சம்மதம். தரகு பேசிய பஷீராம்மா மட்டும் நோன்பு பிறந்த முதல் வாரத்தில் வாடிய முகத்தோடு வந்து பின்கட்டில் உட்கார்ந்தாள்.

"ஹலீமா, நான் சொல்லுறத மனசுல வச்சுக்காத புள்ள. ஹாஜியாரு ஒரு பேச்சுப் பேசிட்டாரு."

"என்ன சொன்னாரு லாத்தா?"

"வெள்ளக்காரனுக்குத் தட்டுத் தூக்கின ஆளு வீட்டுல பொண்ணெடுக்கச் சொல்லுறியாங்கிறாரு. இப்பத்தான் அவரு முதலாளி ஆயிட்டாரேன்னேன். முதலாளின்னா உக்காந்திருக்கணும், இந்த மனுஷன் கடையிலயும் நிக்கிறாரே, நாளைக்குக் கலியாணப் பந்தியில என் சம்பந்தி என் நாற்காலிக்குப் பின்னால நின்னா ஊரு சிரிக்காதான்னாரு."

ஹலீமாவின் கண்கள் நிறைந்தன. அவள் எப்படி மறுத்துப் பேசுவாள்? ஹாஜியார் சொன்னது முழுக்க உண்மை.

"ஆனா ஒரு வழி விட்டிருக்காரு. வர்ற வெள்ளிக்கிழம தன் ஆளுங்களோட வந்து உங்க கடையிலயே நோன்பு திறக்கிறாராம். இவரு மேசைத் தலமாட்டுல, விருந்து வைக்கிற வீட்டுக்காரனா, எந்திரிக்காம உக்காந்திருக்கணும். உக்காந்துட்டாருன்னா கலியாணம். எந்திரிச்சாருன்னா இல்ல."

திரைக்குப் பின்னால் நின்ற சுல்தானா இதைக் கேட்டாள். அன்று அவள் தலையணை நனைந்த நனைவுக்கு, அதை மறுநாள் கொடியில்தான் போடவேண்டி வந்தது. காலையில் வாப்பாவின் முன்னால் வந்து நின்றாள்.

"வாப்பா, ஒரே ஒரு நாளு. ஒரே ஒரு தடவ. உக்காந்திருங்க வாப்பா."

"உக்காருறதென்னம்மா பெரிய காரியமா!" என்றார் ஷரீஃபுதீன், நின்றபடி.

மறுநாளிலிருந்து உட்காரும் பயிற்சி ஆரம்பமாயிற்று. காலி மேசையின் தலைமாட்டில் நாற்காலியைப் போட்டு உட்காருவார். கடைவாசலில் நிழல் தட்டினால் துள்ளி எழுவார். ஹலீமா தோளைப் பிடித்து அமுக்குவாள். பூனை வந்தாலும் எழுந்தார்.

பரிமாற ஓர் ஆள் வேண்டுமே! பழைய சிநேகிதன் மருதமுத்துவைத் தேடிப் பிடித்தார். கிளப்பில் கண்ணாடிக் குவளை கழுவியவன். இப்போது ஒரு ரப்பர் குடோனில் காவலாள்.

"மருது, வெள்ளிக்கிழம ஒரு நாளைக்கு நான்தான் துரை. நீ வேலையாளு. நான் மணியடிச்சா நீ வரணும். அடிக்காம வரக்கூடாது."

"அதெல்லாம் சரி பாய். துரைன்னா திட்டணுமே. திட்டாட்டி எனக்குக் கை ஓடாது லா."

"என்னன்னுடா திட்டுறது?"

"பிளடின்னு ஆரம்பிங்க, மிச்சம் தானா வரும்."

"நோன்பு வாயில அது வரக்கூடாதுடா."

"அப்ப கண்ணால திட்டுங்க. நான் புரிஞ்சுக்கிறேன்."

வெள்ளிக்கிழமை மதியம் ஹலீமாவுக்கும் அவருக்கும் ஒரு சிறு யுத்தம் நடந்தது. மேசையில் வெள்ளை விரிப்பு, ஆளுக்கொரு காலித் தட்டு, காலிக் குவளை, வலப்பக்கம் கத்தி, இடப்பக்கம் முள்கரண்டி, கொக்குபோல் மடித்த கைத்துண்டு. எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அவள் கேட்டாள்:

"பேரீச்சம்பழம் எங்கங்க?"

"அந்தா, சுவரோரம் அலமாரி மேல, மூடி வச்சிருக்கு."

"மேசையில வைக்கலியா?"

"இனிப்பெல்லாம் கடைசியில வரணும் ஹலீமா. அது மேசை ஒழுங்கு."

"நோன்பு திறக்கிறதே அதுலதானே! நபி வழியத் தூக்கி அலமாரி மேல வச்சிட்டீங்களே!"

"பள்ளிவாசல்ல பெடோக் தட்டினதும் நான் மணியடிப்பேன். மருது வருவான். தண்ணி ஊத்துவான், பழம் கொண்டாருவான். உக்காந்த மனுஷன் மணிதான் அடிக்கணும், பழம் எடுத்து வைக்கக் கூடாது. உன் மகளுக்காகத்தான் சொல்லுறேன்."

"நோன்புக் கஞ்சியாவது வைக்கட்டுமா?"

"ஸ்டேக் ஹவுஸ்ல கஞ்சியா!" அவர் ஒரு முள்கரண்டியை நேராக்கி வைத்தார்.

ஹலீமா பின்கட்டுக்குப் போய் பெரிய சட்டியை இறக்கி, அரிசியையும் பருப்பையும் கழுவத் தொடங்கினாள். நெய்ச்சோற்றுக்கும் தனியாக அரிசி களைந்தாள்.

சூரியன் சாய ஹாஜியார் வந்தார். ஆறடி உயரம், வெள்ளை ஜிப்பா, மெக்காவிலிருந்து கொண்டுவந்த அத்தர் வாசனை. கூடவே தம்பிமார் இருவர், மூத்த மகன், கடைப் பங்காளிகள் இருவர், தொழுகை நடத்தும் பள்ளிவாசல் லெப்பை. மொத்தம் ஏழு பேர். ஷரீஃபுதீன் சலாம் சொல்லி வரவேற்று, ஒவ்வொருவருக்கும் நாற்காலியை இழுத்துக் கொடுக்கப் போன கையைத் தன் மறுகையால் பிடித்து நிறுத்திக்கொண்டு, மேசைத் தலைமாட்டில் போய் உட்கார்ந்தார். திரைக்குப் பின்னால் ஒரு பெருமூச்சு கேட்டது.

லெப்பை கொக்குத் துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது தொப்பியா?" என்றார். யாருக்கும் தெரியாததால் அதை மரியாதையாகப் பழைய இடத்தில் வைத்தார்.

மருதமுத்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்து, கிளப்பில் கேட்டுப் பழகியபடி ஆரம்பித்தான்: "ஐயாமாருக்கு ஸ்டேக் எப்படி வேணும்? ரத்தத்தோடயா, பாதி ரத்தத்தோடயா..."

"அஸ்தஃபிருல்லாஹ்!" லெப்பை காதைப் பொத்தினார். "நோன்பு திறக்கிற நேரத்துல ரத்தமா!"

"இல்ல இல்ல! ரத்தமே கூடாது!" என்று பதறினார் ஷரீஃபுதீன். "ஹலீமாகிட்டச் சொல்லு மருது. ஒரு சொட்டு, ஒரு துளி இருக்கக்கூடாது. வேகட்டும், இன்னும் வேகட்டும்!"

அந்தக் கட்டளை அடுப்பங்கரைக்குப் போன கணத்தில் ஏழு துண்டு மாட்டிறைச்சியின் தலையெழுத்து முடிவாயிற்று. மருதமுத்து பின்வாசல் வழியாகக் கிணற்றடிக்குப் போனான். ஒரு சுருட்டுப் பிடிக்க வேண்டும். நோன்பாளிகளின் மூக்கில் புகை படக்கூடாது என்ற நல்ல மனம்.

பொழுது இறங்கியது. ஏழு பேரும் காலித் தட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பெடோக் முழங்கியது! பள்ளிவாசல் முரசின் ஓசை காஜா பெராங்கின் கூரைகளையெல்லாம் அதிரவைத்தது. ஏழு வலது கைகள் ஒரே நேரத்தில் மேசையை நோக்கி நீண்டன. அங்கே என்ன இருந்தது? கத்தியும் முள்கரண்டியும் காலிக் குவளையும் துணிக் கொக்கும் இருந்தன. ஒரு வாய்த் தண்ணீர் இல்லை.

ஷரீஃபுதீன் கம்பீரமாக மணியை அடித்தார். அந்தச் சின்ன வெள்ளி மணியின் குரலைப் பெடோக் ஒரே விழுங்காக விழுங்கியது. மறுபடி அடித்தார். கிணற்றடியில் மருதமுத்து நிம்மதியாகப் புகையை விட்டுக்கொண்டிருந்தான்.

"தண்ணி" என்றார் ஹாஜியார்.

மூன்றாவது முறை அடித்தார். மருது வரவில்லை. ஹாஜியாரின் உதடுகள் காய்ந்து வெடித்திருந்தன. அலமாரி ஓர் எட்டு வைத்தால் எட்டும் தூரத்தில் இருந்தது. கூஜா அதற்குப் பக்கத்தில். திரையின் இடுக்கில் இரண்டு கண்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. உட்காருங்க வாப்பா, உட்கார்ந்தே இருங்க வாப்பா!

தாகத்தோடு ஒரு விருந்தாளி. நாற்காலியில் அமர்ந்திருக்கும் ஷரீஃபுதீன். இந்த இரண்டும் ஒரே அறையில் இருக்க முடியுமா?

எழுந்தார்.

எழுந்தவர் பிறகு மனிதராக இல்லை, காற்றாக மாறிவிட்டார். கூஜா கையில் வந்தது. ஏழு குவளைகள் வலப்பக்கமாக நிறைந்தன. விரிப்பில் ஒரு துளி சிந்தவில்லை. பேரீச்சம்பழத் தட்டு ஒவ்வொருவர் கையருகிலும் தானாக வந்து குனிந்ததுபோல் வந்தது. எல்லோரும் பிஸ்மில்லாஹ் சொல்லி நோன்பு திறந்து, குடித்து, மூச்சுவிட்டார்கள். ஹாஜியார் மெல்லத் திரும்பிப் பார்த்தார்.

அவருடைய நாற்காலிக்குப் பின்னால், முதுகை லேசாக வளைத்து, முன்கையில் துண்டைப் போட்டுக்கொண்டு, மெர்டேக்கா ஹலால் ஸ்டேக் ஹவுஸ் முதலாளி நின்றுகொண்டிருந்தார்.

"முதலாளி எங்க நிக்கிறாரு பாத்தீங்களா?" என்றார் ஹாஜியார், யாரையும் பார்க்காமல்.

திரை அசைந்தது. யாரோ உள்ளே ஓடினார்கள்.

இறைச்சி அப்போதுதான் வந்தது. மருதமுத்து சுருட்டு வாசனையோடு ஏழு தட்டுகளையும் வைத்தான். ரத்தம் இல்லை; இருந்திருந்தால் எப்போதோ புகையாகியிருக்கும்.

"எந்தக் கையால தின்னுறது?" என்று கேட்டார் லெப்பை.

"வலக்கையில கத்தி, இடக்கையில முள்ளு. முள்ளுலதான் வாய்க்குக் கொண்டு போகணும்" என்றார் ஷரீஃபுதீன், பின்னாலிருந்து, மெலிந்த குரலில்.

"இடக்கையாலயா! தின்னுறதா!"

ஏழு பேரும் கைமாற்றிப் பிடித்தார்கள். இடக்கையால் கத்தி பிடித்து அந்த இறைச்சியை அறுக்க யாரால் முடியும்? மரமறுக்கிற சத்தம் எழுந்தது. ஹாஜியார் பல்லைக் கடித்துக்கொண்டு ஓர் அழுத்து அழுத்தினார். இறைச்சித் துண்டு துள்ளிப் பறந்தது. மருதமுத்து ஒரு தட்டை நீட்டி அதை அந்தரத்திலேயே பிடித்து, "நோ ப்ராப்ளம், சார்" என்றான்.

ஹாஜியார் கத்தியை வைத்தார். "நோன்பு வச்சவனைப் பட்டினி போடுறதுக்கு ஒரு கடை. வாங்கப்பா போவோம்."

அவர் எழப் பார்த்தார். பெற்ற மகளின் வாழ்வு எழுந்து வாசலை நோக்கிப் போகப் போகிறது. அந்த நேரத்தில் ஷரீஃபுதீன் என்ன செய்தார் தெரியுமா? விருந்தாளி எழுந்துகொள்ள வசதியாக, நாற்காலியைச் சத்தமில்லாமல் பின்னால் இழுத்துக் கொடுத்தார்! ஐயோ, அந்தக் கைகளை என்ன செய்வது!

"ஹாஜியாரே" என்று திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அது ஹலீமாவின் குரல். "கஞ்சி ஆறுது. குடிச்சிட்டுக் கோவப்படுங்க."

கூடவே இஞ்சியும் பூண்டும் தேங்காய்ப்பாலும் கலந்த நோன்புக் கஞ்சியின் வாசனையும் வந்தது. போகிறேன் என்று எழுந்தவரின் கால்கள் நின்றுவிட்டன. விடியற்காலையிலிருந்து காய்ந்த வயிற்றுக்கு மானம் எவ்வளவு நேரம் தாங்கும்? மேசையை ஓரமாகத் தள்ளி, மருதமுத்து பாய்களை விரித்தான். ஏழு பேரும் தரையில் அமர்ந்து கோப்பைகளை ஏந்தினார்கள். இரண்டாம் கோப்பைக்குப் பிறகுதான் முகங்களில் வெளிச்சம் வந்தது. யாரும் கவனிக்காத ஒன்றை ஹலீமா கவனித்திருந்தாள்: ஷரீஃபுதீன் இன்னும் தம் நோன்பைத் திறக்கவில்லை. திரைக்கு வெளியே ஒரு கை நீண்டு, அவர் உள்ளங்கையில் ஒரு பேரீச்சம்பழத்தை வைத்துத் திணித்தது.

அங்கேயே பாயில் மஃரிப் தொழுகை நடந்தது. லெப்பை முன்னால் நிற்க, ஹாஜியாரின் தோளோடு தோளாக ஷரீஃபுதீன் நின்றார். அவர் நின்றதற்காக யாரும் குறை சொல்லாத ஒரே நேரம் அன்று அதுதான்.

தொழுது முடிப்பதற்குள் பின்கட்டில் அரிவாள்மனை வேலை செய்துவிட்டது. அந்த ஏழு ஸ்டேக்குகளையும் ஹலீமா மெல்லிய துண்டுகளாக நறுக்கி, வெங்காயமும் மிளகாயும் போட்டுப் புரட்டி, நெய்ச்சோற்றின்மேல் குவித்து, இரண்டு பெரிய சஹன்களில் அனுப்பினாள். சஹன் என்றால் நால்வர் சுற்றி அமர்ந்து ஒரே தட்டில் கைவைத்து உண்ணும் அகலமான தாம்பாளம். நம் மக்களின் விருந்தில் அதுதான் வழக்கம். அங்கே தலைமாடும் கிடையாது, கால்மாடும் கிடையாது.

முதல் சஹனைச் சுற்றி நான்கு பேர் அமர்ந்தார்கள். இரண்டாவதில் ஹாஜியார், லெப்பை, ஒரு தம்பி. ஹாஜியார் கையைக் கழுவிக்கொண்டு நீட்டினார். நீட்டிய கை அந்தரத்தில் நின்றது.

"நம்ம சஹன்ல ஒரு ஆளு குறையுது."

"மூணு பேராத் தின்னுவோமே காக்கா" என்றார் தம்பி.

"நாப்பது வருஷமா மூணு பேரு சஹன்ல நான் கை வச்சதில்ல. இன்னிக்கும் வைக்க மாட்டேன்." மற்ற எதில் விட்டுக்கொடுத்தாலும் இதில் விட்டுக்கொடுக்காத மனிதர். "ஏம்பா, நீ வா" என்று மருதமுத்துவைக் கூப்பிட்டார்.

"மாடு நமக்கு ஆகாது தவ்கே. எனக்குக் கஞ்சி போதும்" என்று முதலாளியிடம் சொல்வதுபோல் பணிவாகச் சொல்லிவிட்டு அவன் கதவோரமாக நழுவினான்.

மீதியிருந்த ஒரே ஆள் துண்டோடு நின்றுகொண்டிருந்தார்.

"நான் பரிமாறணுமே..." என்றார் ஷரீஃபுதீன்.

"பரிமாற என்னங்க இருக்கு? எல்லாந்தான் சஹன்ல இருக்கே!" ஹாஜியாரின் பசி உச்சிக்கு ஏறியிருந்தது. "சோறு ஆறுது. உக்காருங்க சம்பந்தி!"

சொன்ன பிறகுதான் தாம் சொன்ன சொல் அவருக்கே கேட்டது. திரைக்குப் பின்னால் வளையல்கள் குலுங்கின. ஷரீஃபுதீன் உட்கார்ந்தார். லெப்பை தாடியைத் தடவிக்கொண்டு, "ஹாஜியாரே, சம்பந்தின்னு கூப்பிட்டு ஒரே சஹன்ல உக்கார வச்சாச்சு. நாளைக்கு அவரை எந்த வாயால வேலைக்காரன்னு சொல்லுவீங்க?" என்றார்.

ஹாஜியாரின் வாய் நிறையச் சோறு இருந்தது.

ஷரீஃபுதீன் துண்டை முன்கையிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தார். ஆனால் கை சும்மா இருக்குமா? சஹனில் இருந்த நல்ல துண்டுகளையெல்லாம் ஒவ்வொன்றாக ஹாஜியார் பக்கம் தள்ளினார். ஹாஜியார் முறைத்துவிட்டு அவற்றை அவர் பக்கமே திருப்பித் தள்ளினார். இருபத்திரண்டு வருடத்தில் ஒருவர் தம் பக்கம் ஓர் உணவுத் துண்டைத் தள்ளிவிட்டது இதுதான் முதல் தடவை என்று நினைத்ததும் ஷரீஃபுதீனின் கண்கள் ததும்பின. மறுபடியும் தள்ளினார். அவரும் மறுபடி திருப்பினார். இப்படி அன்புக்கும் ரோஷத்துக்கும் நடுவில் போய்வந்த இறைச்சியையெல்லாம், இருவருக்கும் நடுவே இருந்த லெப்பை அமைதியாகத் தின்றுகொண்டிருந்தார்.

பெருநாள் கழித்துச் சுல்தானாவுக்குத் திருமணம் நடந்தது. மெர்டேக்கா ஹலால் ஸ்டேக் ஹவுஸில் இப்போது பாய்தான் விரிப்பு, சஹன்தான் தட்டு. நறுக்கிப் புரட்டிய ஸ்டேக்குக்கு ஊரே வருகிறது. புது அரசாங்கத்துப் பெரிய மனிதர்கள் காரில் வந்திறங்கி, இன்னும் முகாம்களில் இருந்து, இங்கே சாப்பிட வரும் வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு முன்னால், "கத்தி, முள்ளு இல்லையா?" என்று சற்றுச் சத்தமாகவே கேட்பதுண்டு. மரப்பெட்டி பூட்டியே இருக்கிறது. மணியை மட்டும் ஹலீமா எடுத்து வீட்டு ஆட்டின் கழுத்தில் கட்டிவிட்டாள்.

அந்தத் திருமணத்தில் எடுத்த போட்டோ இன்றும் கடைச் சுவரில் தொங்குகிறது. முன்வரிசையில் நாற்காலிகள் போட்டுப் பெரியவர்கள் அமர்ந்திருக்கிறார்கள். போட்டோக்காரர் தலைக்குத் துணியை இழுத்துவிடும்வரை ஷரீஃபுதீனும் அமர்ந்துதான் இருந்தார். அதற்கு ஊரே சாட்சி. பிறகு ஹாஜியாரின் நாற்காலி கொஞ்சம் கோணலாக இருப்பதுபோல் அவருக்குத் தோன்றியிருக்கிறது. படத்தில் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது. அதற்கு அடுத்த நாற்காலிக்குப் பின்னால், முதுகை லேசாக வளைத்து, மணமகளின் தகப்பனார் நிற்கிறார். முன்னால் உட்கார்ந்திருக்கும் ஹாஜியார் கேமராவைப் பார்க்கவில்லை. கழுத்தைப் பின்னால் திருப்பி, சம்பந்தியின் ஜிப்பாக் கையைப் பிடித்துக் கீழே இழுத்துக்கொண்டிருக்கிறார்.